பந்தைக் கொடுத்துவிட்டால் பண்பு வந்துவிடுமா? ஓர் உடற்கல்வி ஆசிரியருக்குப் பதில்

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு உடற்கல்வி கற்பிக்கிறேன். வகுப்பில் 40 பேர். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள், ஒவ்வொன்றும் 40 நிமிடங்கள். பந்தைக் கொடுத்தால் பத்துப் பேர் விளையாடுகிறார்கள், பலர் சும்மா ஓடுகிறார்கள், ஏழெட்டுப் பேர் ஏதாவது காரணம் சொல்லி ஓரமாக நின்றுவிடுகிறார்கள். மிக நன்றாக ஆடும் ஒரு மாணவன், தன் அணி தோற்றால் பந்தை வீசி எறிந்துவிட்டு, தவறு செய்தவனை எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறான். இந்த ஆண்டு முதல் ஒத்துழைப்பு, பொறுப்புணர்வு போன்ற சமூகத் திறன்களையும் என் பாடவேளையில் கற்பிக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்கிறார். விளையாட்டு தானாகவே இவற்றைக் கற்றுத்தராதா? பங்கேற்பவர்களுக்கு நட்சத்திரமும் சிறு பரிசும் கொடுத்துப் பார்த்தேன். சில வாரங்கள் பலன் இருந்தது. இப்போது பரிசு இல்லையென்றால் ஒருவரும் அசைவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவே இருக்கும் ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். விளையாட்டு தானாக எதையும் கற்றுத்தருவதில்லை. ஒரே மைதானத்தில், ஒரே ஆட்டத்தில், ஒரு குழந்தை விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளும். இன்னொரு குழந்தை, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகும். பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது, அணிகள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன, ஆசிரியர் எதைக் கண்டு பாராட்டுகிறார், தோல்விக்கு அடுத்த ஐந்து நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பவையே அந்தக் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவை நான்கும் உங்கள் கையில் இருப்பவை. ஆகவே தலைமையாசிரியரின் கோரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதை நிறைவேற்ற, வகுப்பின் அமைப்பையே நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்.

போட்டி மட்டும் என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளரும் அவருடைய குழுவினரும், ஏறத்தாழ 11 வயதுச் சிறுவர்களை ஒரு கோடை முகாமில் இரு குழுக்களாகப் பிரித்து ஆய்வு நடத்தினார்கள். பேஸ்பால், கயிறு இழுத்தல் முதலிய போட்டிகளைப் பரிசுகளோடு தொடங்கிய சில நாட்களிலேயே வசவுகள் கிளம்பின, கொடி எரிக்கப்பட்டது, ஒருவர் தங்குமிடத்தில் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். இரு குழுவினரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தும் பகை தணியவில்லை. தடைப்பட்ட குடிநீர் வசதியைச் சரிசெய்வதுபோல, இரு தரப்பும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகள் அடுத்தடுத்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆய்வு நடத்தப்பட்ட முறை பற்றிப் பின்னாளில் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன, அவற்றில் நியாயமும் இருந்தது. ஆயினும் சேர்ந்து இருப்பது வேறு, ஒருவர் மற்றவருக்குத் தேவைப்படுவது வேறு என்ற அந்த வேறுபாட்டை மைதானத்தில் நிற்கும் எந்த ஆசிரியரும் கண்ணால் காணலாம்.

எனவே சமூகத் திறன் பற்றிய பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சிறு கணக்கெடுப்பைச் செய்யுங்கள். அடுத்த வகுப்பில், ஓரமாக நிற்கும் மாணவர்களில் இருவரையும் நன்றாக ஆடுபவர்களில் இருவரையும் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடங்களில் ஒவ்வொருவரும் எத்தனை முறை பந்தைத் தொட்டார்கள் என்று எண்ணுங்கள். ஒரே பந்தை வைத்து 40 பேர் ஆடினால், அது பத்துப் பேரின் ஆட்டமாகத்தான் இருக்கும். மற்றவர்கள் சோம்பேறிகள் என்பதல்ல காரணம். மைதானத்தை ஐந்து சிறு கட்டங்களாகப் பிரித்து, நால்வருக்கு நால்வர் என்று ஐந்து ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினால், யாரையும் கெஞ்சாமலும் மிரட்டாமலும் பங்கேற்பு உயர்வதைக் காண்பீர்கள். பந்துகள் போதவில்லை என்றால் மூன்று கட்டங்களில் ஆட்டமும் மற்ற இரண்டில் ஓட்டம், தாவுதல், சமநிலைப் பயிற்சிகளும் வைத்துச் சுழற்சி முறையில் மாற்றுங்கள்.

‘அவுட்’ ஆனவர் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களையும் நிறுத்திவிடுங்கள். யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவரே முதலில் வெளியேறுகிறார், அவரே அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாடம் இதைவிடத் தலைகீழாக இருக்க முடியாது. இரண்டு தலைவர்கள் எல்லோர் முன்னிலையிலும் மாறி மாறிப் பெயர் சொல்லி அணி பிரிக்கும் வழக்கத்தை இன்றோடு கைவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். கடைசியாக அழைக்கப்படும் குழந்தைக்குத் தன் மதிப்பு என்ன என்பதை வகுப்பு முழுவதும் சேர்ந்து அறிவிக்கும் சடங்கு அது. அணிகளை நீங்களே முன்கூட்டித் தாளில் எழுதி வந்து வாசித்துவிடுங்கள். தவறு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடு, தோப்புக்கரணம் போடு என்று உடற்பயிற்சியையே தண்டனையாக்குவதும் இந்த வகையில் சேர்ந்ததே. எதை விரும்பச் செய்ய வேண்டுமோ அதையே தண்டனையாகக் கொடுப்பது நம் வேலைக்கு நாமே வைக்கும் தடை.

ஓரமாக நிற்பவர்களிடம் தனித்தனியாக, பிறர் காதில் விழாதபடி பேசிப் பாருங்கள். 12, 13 வயதில் உடல் வளர்ச்சி ஒருவருக்கொருவர் பெரிதும் வேறுபடும். சிலருக்கு உடை பற்றிய கூச்சம், சிலருக்கு மாதவிடாய் நாட்களின் சங்கடம், சிலருக்கு மூச்சிரைப்பு நோய், பலருக்குத் தோற்றுப்போவதைவிட அது பிறர் பார்வையில் படுவதே பெரிய அச்சம். காரணம் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. உடல்நலக் காரணம் இருந்தால் பெற்றோரிடமும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் கேட்ட பிறகே பயிற்சியை முடிவு செய்யுங்கள்.

இனி சமூகத் திறன்களுக்கு வருவோம். கூடைப்பந்தில் பந்து எறிவதை எப்படிக் கற்பிக்கிறீர்கள்? “நன்றாக எறி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதில்லை. கால் எங்கே இருக்க வேண்டும், முழங்கை எப்படி வளைய வேண்டும் என்று பிரித்துக் காட்டி, செய்யவைத்து, திருத்தி, மீண்டும் செய்யவைக்கிறீர்கள். ஒத்துழைப்புக்கும் அதே வழிதான். “ஒற்றுமையாக விளையாடுங்கள்” என்ற சொல்லில் ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தை செய்வதற்கு எதுவும் இல்லை. மூன்று வாரங்களுக்கு ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சக வீரரை ஊக்கப்படுத்துவது என்று வைத்துக்கொள்வோம். அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும், கேட்பதற்கு எப்படி இருக்கும் என்று மாணவர்களிடமே கேளுங்கள். “பரவாயில்லை, அடுத்த பந்தைப் பார்த்துக்கொள்ளலாம்” என்பதுபோல அவர்கள் வாயில் இயல்பாக வரும் சொற்களை அவர்களே சொல்வார்கள். கைதட்டுவது, முகம் பார்த்துத் தலையசைப்பது என்று செயல்களும் வரும். அவற்றில் இரண்டை மட்டும் அன்றைய பயிற்சிக்குரியவையாக அறிவியுங்கள். ஆட்டத்தின் நடுவே யாராவது அதைச் செய்தால், ஒரு நல்ல பாஸைப் பாராட்டுவதுபோல அதையும் அந்த நொடியிலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

அந்தத் திறன் தேவைப்படும் ஆட்டத்தையும் நீங்கள் அமைக்க வேண்டும். கூட்டுக் கற்றலை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வலியுறுத்திய இரண்டு கூறுகள் இங்கே மிகவும் பயன்படும்: ஒருவருடைய வெற்றி மற்றவரைச் சார்ந்திருக்க வேண்டும், அதே வேளையில் ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒருமுறை பந்தைத் தொட்ட பிறகே கோல் கணக்கில் சேரும் என்ற விதியைப் பல ஆசிரியர்கள் கையாள்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தடுமாறும் மாணவனிடம் பந்தைக் கடமைக்குத் தட்டிவிட்டு உடனே வாங்கிக்கொள்வார்கள். அல்லது அவன் ஒருவனுக்காக அணி முழுவதும் காத்திருக்க, அவனுடைய தடுமாற்றம் இன்னும் வெளிச்சத்துக்கு வரும். இதைவிட ஒவ்வொருவரும் சென்ற வாரத்துத் தம் எண்ணிக்கையைவிட எவ்வளவு கூட்டினார்களோ, அவற்றின் கூட்டுத்தொகையை அணியின் புள்ளியாக வைப்பது நல்லது. சுவரில் பந்தைத் தட்டிப் பிடிப்பதில் 30லிருந்து 32க்குப் போகிறவன் அணிக்கு 2 புள்ளி தருகிறான். 6லிருந்து 12க்குப் போகிறவள் 6 புள்ளி தருகிறாள். அப்போது நன்றாக ஆடுபவர்களே தேடிப்போய் அவளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள், ஏனென்றால் அணி முன்னேற இடம் அதிகமாக இருப்பது அவளிடம்தான்.

அணிகளை வாரந்தோறும் மாற்றாமல் ஆறு முதல் எட்டு வாரங்கள் அப்படியே வைத்திருங்கள். டேரில் சீடன்டாப் என்ற அமெரிக்க உடற்கல்வி அறிஞர் 1980களில் உருவாக்கிய விளையாட்டுக் கல்வி முறையின் அடிப்படை இதுதான்: ஒரு பருவம் முழுவதும் ஒரே அணி, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. நடுவர், புள்ளி எழுதுபவர், உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சியை நடத்துபவர், கருவிகளைக் கணக்கெடுத்து வைப்பவர் என்று சுழற்சியில் மாறும் இந்தப் பொறுப்புகள் உண்மையானவையாக இருக்க வேண்டும்; புள்ளி எழுதுபவர் வந்து உட்காரும் வரை ஆட்டம் தொடங்காது என்ற அளவுக்கு உண்மையானவை. ஆடத் தயங்கும் குழந்தை முதல் வாரத்தில் ஒரு பொறுப்பின் வழியாக உள்ளே வரலாம். ஆனால் அதையே நிரந்தரப் புகலிடமாக்கிக்கொள்ள விடக்கூடாது, சுழற்சி அதற்காகத்தான்.

உங்களுக்கு மிகவும் உதவக்கூடியவர் என்று நான் நினைப்பது டான் ஹெலிசன் என்ற அமெரிக்க உடற்கல்வி அறிஞரை. 1970களிலிருந்து, சிகாகோ உள்ளிட்ட நகரங்களில் மிகக் கடினமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளோடு மைதானத்தில் வேலை செய்து, தனிமனிதப் பொறுப்பையும் சமூகப் பொறுப்பையும் உடற்பயிற்சி வழியாகக் கற்பிக்கும் முறையொன்றை அவர் வகுத்தார். அதில் ஐந்து நிலைகள் உள்ளன. பிறருடைய உரிமையையும் உணர்வையும் மதிப்பது முதல் நிலை. முயற்சி செய்வது இரண்டாவது. ஆசிரியர் பார்க்காதபோதும் தானே தன்னை நடத்திக்கொள்வது மூன்றாவது. பிறருக்கு உதவித் தலைமை ஏற்பது நான்காவது. இவற்றை மைதானத்துக்கு வெளியே கொண்டுசெல்வது ஐந்தாவது. நான்காம் நிலையை எதிர்பார்த்துவிட்டு முதல் நிலையைக் கற்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் வகுப்பே காட்டுகிறது.

அந்த முறையில் ஒரு பாடவேளைக்கு எளிய வடிவம் உண்டு. வகுப்பு தொடங்கும் முன் ஓரிரு மாணவர்களோடு தனிப்பட்ட முறையில் இரண்டு வார்த்தை பேசுவது, இன்றைய திறன் எது என்று சுருக்கமாகச் சொல்வது, பிறகு ஆட்டம், முடிவில் வட்டமாக உட்கார்ந்து எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று மாணவர்களே பேசுவது, கடைசியாக ஒவ்வொருவரும் தம்மை மதிப்பிட்டுக்கொள்வது. கட்டைவிரலை மேலே, நடுவில், கீழே என்று காட்டச் சொன்னாலே அந்த மதிப்பீடு முடிந்துவிடும். உங்கள் 40 நிமிடங்களில் தொடக்கத்துக்கு 2 நிமிடமும் இறுதிக்கு 5 நிமிடமும் ஒதுக்கினால் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஆட்டத்துக்காகக் கடன் கொடுத்துவிடாதீர்கள். நடந்ததைப் பேசாமல் கலைந்துவிட்டால், அன்றைய பூசலும் அன்றைய நல்ல செயலும் பெயரில்லாமல் மறைந்துபோகும். பேச்சை நீங்கள் உரையாக்கிவிடவும் வேண்டாம், “இன்று உனக்கு யாராவது உதவினார்களா, எப்படி?” என்ற ஒரு கேள்வி, ஆசிரியரின் பத்து அறிவுரைகளைவிட அதிகம் செய்யும்.

நட்சத்திரங்களைப் பற்றி நீங்கள் கண்டது புதிதல்ல. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரைந்த நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே சிக்கல் பரிசு என்ற பொருளில் இல்லை. “இதைச் செய்தால் அது” என்ற பேரத்தில் இருக்கிறது. பேரம் பழகிய குழந்தை, ஆட்டத்தைக் கூலிக்குச் செய்யும் வேலையாகக் கருதத் தொடங்குகிறது. ஆனால் நட்சத்திரங்களை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அது ஏமாற்றமாகப் படும். தனிநபருக்குக் கொடுப்பதை முதலில் அணிக்கு என்று மாற்றி, பிறகு முன்னறிவிப்பில்லாமல் எப்போதாவது என்று குறைத்து, அந்த இடத்தில் வேறொன்றை வைத்துக்கொண்டே விலகுங்கள்.

அந்த வேறொன்று என்ன என்பதை, மனிதருக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோரின் தன்னுறுதிக் கோட்பாடு தெளிவாகச் சொல்கிறது: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன்னை ஏற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. நிலையான அணியும் வட்டப் பேச்சும் மூன்றாவதைத் தரும். முதலாவதற்கு, கூடையிலிருந்து மூன்று தூரங்களில் கோடு போட்டு எங்கிருந்து எறிவது என்று மாணவனையே முடிவு செய்யவிடுங்கள். இரண்டு பயிற்சிகளில் எதை முதலில் செய்வது என்று அணியே தீர்மானிக்கட்டும். இரண்டாவதற்கு, ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு அட்டை இருக்கட்டும், அதில் அவரவர் எண்ணிக்கையை அவரே எழுதட்டும். அந்த அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். ஓட்ட நேரங்களையும் எடையையும் எல்லோரும் பார்க்கும்படி வாசிப்பதால் ஊக்கம் பெறுபவர்கள் ஏற்கெனவே முன்னால் இருப்பவர்கள்தாம். ஜான் நிக்கல்ஸ், கரோல் ஏம்ஸ் போன்ற கல்வி உளவியலாளர்களின் ஆய்வுகள் வகுப்பறைச் சூழலை இரண்டாகப் பிரிக்கின்றன: யார் சிறந்தவர் என்று ஒப்பிடும் சூழல், நேற்றைவிட இன்று எவ்வளவு கற்றேன் என்று பார்க்கும் சூழல். இரண்டாவது சூழலில்தான் திறன் குறைந்தவரும் முயற்சியைக் கைவிடுவதில்லை. “சபாஷ்” என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதிலாக, “இந்த முறை பந்து வரும் முன்பே நகர்ந்துவிட்டாய், அதனால்தான் பிடிக்க முடிந்தது” என்று அருகில் போய்ச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் கையில் இருப்பதோ வாரத்துக்கு 80 நிமிடம். மீதி நேரம் முழுவதும் அந்தக் குழந்தை தானாக ஆட விரும்புகிறதா என்பதைப் பொறுத்தது. அந்த விருப்பத்தைக் காப்பதே உங்கள் பாடவேளையின் முதல் வேலை.

கோபப்படும் மாணவனைப் பற்றி. அவனைக் கெட்டவன் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தோல்வியைத் தாங்கும் திறன் அவனுக்கு இன்னும் கைவரவில்லை, அதுவும் பயிற்சியால் வரக்கூடியதே. கோபம் தலைக்கேறிய நேரத்தில் எந்தப் பேச்சும் உள்ளே போகாது. ஆகவே வேறொரு நாள், வகுப்பு தொடங்கும் முன், கோபம் வரும்போது உடலில் முதலில் எங்கே தெரிகிறது என்று அவனிடமே கேளுங்கள். முகம் சூடாகிறது, கை இறுகுகிறது என்று ஏதாவது சொல்வான். அந்த அறிகுறி தெரிந்தவுடன் உங்களிடம் கை காட்டிவிட்டு ஆட்டத்திலிருந்து விலகி நிற்கலாம், எப்போது திரும்புவது என்பதையும் அவனே முடிவு செய்யலாம் என்று உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த இடம் தண்டனைக்குரிய மூலையாக ஆகிவிடக்கூடாது. திரும்பி வரும்போது கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே தோற்பதற்கான வாய்ப்புகளை அதிகமாக்குங்கள். 25 நிமிட ஆட்டத்தில் ஒரு தோல்வி பெரிய விஷயம். மூன்று நிமிட ஆட்டங்கள் ஆறு நடந்தால், தோல்வியும் அதற்குப் பிந்தைய கைகுலுக்கலும் சாதாரணமாகிவிடும்.

பறக்கும் தட்டை வைத்து ஆடும் அல்டிமேட் என்ற அணி விளையாட்டில், உலகப் போட்டிகளில்கூட ஃபவுலைத் தீர்மானிப்பவர்கள் ஆடும் வீரர்களே. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு மதிப்பெண் கொடுக்கும்: விதிகளை அறிந்து பின்பற்றியது, ஃபவுலையும் உடல் மோதலையும் தவிர்த்தது, நடுநிலையோடு நடந்துகொண்டது, நல்ல மனநிலையும் தன்னடக்கமும் காட்டியது, முறையாகப் பேசியது என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. இந்த வழக்கத்தை நீங்கள் எந்த ஆட்டத்திலும் கையாளலாம். உங்கள் மாணவனின் வேகத்தை மெச்சும் வகுப்பு, அவனுடைய நடத்தையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லும். ஆசிரியர் சொல்வதைவிட அது அவனுக்கு உறைக்கும். ஆனால் எண்களைத் தனிநபருக்கு ஒருபோதும் கொடுக்கச் செய்யாதீர்கள், அணிக்கு மட்டும்.

அவனால் திட்டப்பட்ட பிள்ளைகளையும் மறந்துவிடக்கூடாது. நடந்ததைச் சரிசெய்யும் பொறுப்பு அவனுடையது; வற்புறுத்திப் பெறும் மன்னிப்பைவிட, அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு அவன் ஒரு திறனைக் கற்றுக்கொடுப்பது மேல், ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சம்மதம் இருந்தால் மட்டும். கை ஓங்குவது தொடர்ந்தாலோ, மற்ற வகுப்புகளிலும் இதே நிலை என்று தெரிந்தாலோ, இது மைதானத்தில் மட்டும் தீரும் விஷயமல்ல. பெற்றோரையும் பள்ளி ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர் பதிவுகள் கேட்பார். குணத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். பண்பில் 10க்கு 6 என்று ஒரு குழந்தையின் மீது எழுதும் உரிமை யாருக்கும் இல்லை. மாறாக, வகுப்புக்கு ஐந்து பேர் என்ற கணக்கில், கண்ணால் காணக்கூடிய இரண்டு நடத்தைகளை மட்டும் எண்ணி வையுங்கள்: ஊக்கச் சொல் சொன்னது எத்தனை முறை, கேட்காமலேயே உதவியது எத்தனை முறை. எட்டு வகுப்புகளில் 40 பேரும் முடிந்துவிடுவார்கள், அதாவது நான்கு வாரங்கள். முதல் இரண்டு வாரங்கள் பேச்சும் குழப்பமும் கூடுதலாக இருக்கும் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஹெலிசனின் ஐந்தாம் நிலைக்கு, அதாவது வெளியே கொண்டுசெல்வதற்கு, உங்களுக்கு ஒரு துணை வேண்டும். உங்களோடு ஒத்துழைக்கக்கூடிய ஒரு பாட ஆசிரியரைத் தேர்ந்து, அவருடைய குழுப்பணியிலும் அதே சொற்களையும் அதே கட்டைவிரல் மதிப்பீட்டையும் கையாளச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் சிறு கட்டங்களும் முன்கூட்டி எழுதிய அணிகளும் மட்டும். இரண்டாம் வாரம் ஒரே ஒரு திறனும் இறுதி ஐந்து நிமிட வட்டமும். பொறுப்புகளும் அட்டைகளும் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. அடுத்த வகுப்பில் எடுக்கப்போகும் அந்தப் பந்துத் தொடுகைக் கணக்கைப் பத்திரமாக வைத்திருந்து, ஆறு வாரம் கழித்து அதே நால்வரையும் மீண்டும் எண்ணிப் பார்த்து இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்து எந்தத் திறனுக்குப் போகலாம் என்பதை அவற்றைப் பார்த்து எழுதுகிறேன்.